சரிபாதித் திருட்டு

திருடியவன் பீரோவைத் திரும்பப் பூட்டிவிட்டுப் போயிருந்தான். பாஸுக்கு அதுதான் பிடிக்கவில்லை.

“திருட்டுப் பயலுக்கு எதுக்கு இவ்வளவு ஒழுக்கம்?” என்றார், பீரோவை ஏற இறங்கப் பார்த்தபடி.

“அம்மா நல்லா வளர்த்திருப்பாங்க பாஸ்,” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. பாஸ், அதாவது மிஸ்டர் ஐவர் பிரிட்சார்ட், வருஷத்துக்கு இரண்டு தடவைதான் சிரிப்பார். இந்த வருஷத்துக்கானதை ஜனவரியிலேயே செலவழித்துவிட்டார். எரிந்துபோன கடைகள் தானாக எரிந்தனவா, யாராவது எரித்தார்களா என்று இருபது வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக மோப்பம் பிடித்த மனிதர். இப்போது வெஸ்ட் டன்ஹாம் ஊரின் ஒரே தனியார் துப்பறிவாளர். நான் வில்மா மாலெக். எங்கள் ஊர் பீரோ கம்பெனியில் பத்தொன்பது வருஷம் பிரஸ் மெஷின் ஓட்டி, போன வருஷ ஆட்குறைப்பில் வீட்டுக்கு அனுப்பப்பட்டவள். இப்போது பாஸுக்கு உதவியாளர், கார் டிரைவர், அவர் பேச மறந்த இடங்களில் வாய்.

எங்களைக் கூப்பிட்டவள் ரோசலி டிபாவ்லோ. பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கும் வியாழக்கிழமை பவுலிங் அணியில் என் ஜோடி. ஜன்னலோரம் கைக்குட்டையைப் பிழிந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“அழாதேடி, மூக்கு ஏற்கெனவே தக்காளி மாதிரி இருக்கு,” என்றேன்.

“உனக்கென்னடி, ஜெயிலுக்குப் போகப்போறது நான்தானே!”

விஷயம் இதுதான். பீரோ கம்பெனியின் தொழிலாளர்-நிர்வாகக் கூட்டுக் குழுவுக்கு ரோசலிதான் ஒருங்கிணைப்பாளர். யூனியனில் ஆறு பேர், நிர்வாகத்தில் ஆறு பேர். ஒருவரையொருவர் குதறாமல் ஒரே மேஜையில் உட்கார்ந்து பேசுவதற்காக வாஷிங்டன் கொடுக்கும் மானியத்தில் குழு ஓடுகிறது. ரோசலியின் பிழைப்பும் அதில்தான் ஓடுகிறது. இன்று மூன்று மணிக்கு மானியத்தைப் புதுப்பிக்க அதிகாரி தீல் வருகிறார். குழுவின் கூட்ட நடவடிக்கைப் புத்தகத்தைப் பன்னிரண்டு பேர் முன்னாலும் உரக்கப் படிக்க வேண்டும். அந்தப் புத்தகத்தைத்தான் காணோம்.

“ஹோட்டலுக்குப் போன் போட்டு அவர்கிட்ட உண்மையைச் சொல்லிட்டேன்,” என்றாள் ரோசலி. “மூணு மணிக்குப் புத்தகம் மேஜையில இல்லேன்னா மானியம் கிடையாதாம். அரசாங்கப் பதிவு காணாமப் போனா போலீஸ்ல புகார் குடுக்கறது அவர் கடமையாம். பொறுப்புல இருந்தவ பேரைத்தான் எழுத முடியுமாம். போன வருஷம் பைண்டிங் ஒட்ட ஒரே ஒரு தடவை அதை வீட்டுக்கு எடுத்துட்டுப் போனேன். அதுக்கே ஊர்ல என்னென்ன பேசினாங்கன்னு உனக்குத் தெரியும்.”

“உண்மையை எல்லாம் போன்ல சொல்லுவாங்களாடி?” என்றேன். ரோசலி அப்படித்தான். பவுலிங்கில் தன் கால் கோட்டைத் தாண்டியதைத் தானே சொல்லி எங்களைத் தோற்கடித்தவள்.

பாஸ் மணியைப் பார்த்தார். பத்தே முக்கால்.

அந்த அறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். யூனியன் ஆபீசுக்கும் கம்பெனி ஆபீசுக்கும் சம தூரத்தில் இருக்க வேண்டும் என்று டேப் பிடித்து அளந்தார்கள். நடுப்புள்ளி நடுத்தெருவில் வந்தது. நடுத்தெருவில் அறை கட்ட முடியாது என்று ஒப்புக்கொள்ளவே இரண்டு கூட்டம் ஆயிற்று. கடைசியில் செருப்புக் கடை மாடியை வாடகைக்கு எடுத்தார்கள். உள்ளே இரண்டு காபிப் பாத்திரம், இரண்டு சர்க்கரைக் கிண்ணம், இரண்டு குப்பைத் தொட்டி. பீரோவும் அப்படித்தான். எட்டடி அகலம். இடது கோடியில் ஒரு பூட்டு, வலது கோடியில் ஒரு பூட்டு. இரண்டு சாவியையும் ஒரே நொடியில் திருப்பினால்தான் திறக்கும். புத்தகம் இருதரப்பின் கண்ணிலும் எப்போதும் படும்படி நடுவில் கண்ணாடி.

“இடது சாவி யாருகிட்ட?” என்றார் பாஸ்.

“யூனியன் தலைவர் காஸிமிர் புடா. புனித சூசையப்பர் பதக்கத்தோட கழுத்துல மாட்டியிருப்பாரு. குளிக்கும்போதுகூடக் கழட்ட மாட்டாரு.”

“வலது?”

“பர்சனல் மானேஜர் கார்லைல் ஹெட்லண்ட். கடிகாரச் சங்கிலியில. அவர் குளிப்பாரான்னு தெரியாது.”

“ரெண்டு பேரும் பேசிக்குவாங்களா?”

நான் குறுக்கே விழுந்தேன். “பேசறதா! மூணு மாசமா கழிவறையில கை துடைக்கக் காகிதமா, காத்து ஊதற மெஷினான்னு சண்டை. போன மாசம் புடா மேஜையைக் குத்துனதுல ஹெட்லண்டோட காபி அவர் மடியில கொட்டிச்சு. அந்த ரெண்டும் சேர்ந்து ஒரு பீரோவைத் திறக்கும்னா நாளைக்கு நானும் என் மாஜிப் புருஷனும் தேனிலவு போவோம்.”

பாஸ் மேஜைப் பக்கம் போனார். இரண்டு அட்டைப் பெட்டிகள். ஒன்று யூனியன் பெட்டி: போலந்துக்காரர் பேக்கரியின் ஜாம் வைத்துப் பொரித்த பொஞ்ச்கி உருண்டை. மற்றது நிர்வாகப் பெட்டி: சுவீடன்காரர் கடையின் ஏலக்காய் பன். ஒவ்வொன்றிலும் ஆறு வாங்குவது குழுவின் விதி. இரண்டிலும் ஐந்துதான் இருந்தது.

“நீங்க சாப்பிட்டீங்களா, ரோசலி?”

“ஐயோ இல்ல. அக்கா பொண்ணு கல்யாணத்துக்கு கவுன் பத்த மாட்டேங்குது. ஏழு மணிக்குப் பெட்டியை வெச்சுட்டு, பேர் அட்டை வாங்க அச்சகத்துக்குப் போனேன். ஒம்போது மணிக்கு வந்து பாத்தா பீரோ பூட்டினது பூட்டினபடி இருக்கு, கண்ணாடிக்குப் பின்னால ஒண்ணும் இல்ல.”

“யூனியன் ஆள் செத்தாலும் நிர்வாகப் பெட்டியில கை வெக்க மாட்டான் பாஸ்,” என்றேன். “அவங்களும் அப்படித்தான். எண்பத்தொண்ணுல ஒரு ஃபோர்மேன் மறந்துபோய் ஒரு பொஞ்ச்கி எடுத்துட்டாரு. பத்து நிமிஷம் கூட்டத்தையே நிறுத்திட்டாங்க.”

பாஸ் குனிந்தார். இடது பூட்டுக்குக் கீழே, புடாவின் பக்கம், தரையில் வெள்ளை வெள்ளையாகச் சர்க்கரைமணி. பன் மேல் தூவுவது. எட்டடி தள்ளி, வலது பூட்டுக்குக் கீழே, ஹெட்லண்டின் பக்கம், ஒரு சொட்டு பிளம்ஸ் ஜாம்.

“மாத்திச் சாப்பிட்டிருக்காங்க,” என்றார்.

“யாரு?”

“நாலு வருஷமா எதிர்ப் பெட்டியைப் பாத்து எச்சில் முழுங்கினவங்க.”

அப்புறம் தரை விரிப்பைத் தடவிக் காட்டினார். இரண்டு பூட்டின் அடியிலும் ஊசி குத்தினதுபோல் நாலு நாலு துளைகள். உறைந்த ஏரியில் வழுக்காமல் நடக்க பூட்ஸுக்கடியில் கட்டிக்கொள்ளும் முள் போட்ட துளைகள். எங்கள் ஊரில் மீன் பிடிக்காத ஆணிடம்கூட ஒரு ஜோடி இருக்கும்.

“கடைசிப் பக்கத்துல என்ன எழுதினீங்க?” என்று ரோசலியைக் கேட்டார்.

ரோசலிக்கு எழுதினது எல்லாம் மனப்பாடம். கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்தாள். “பக்கம் நூத்திப் பன்னெண்டு. கை துடைக்கும் காகிதம் பற்றிய விவாதம் தொடர்ந்தது. திரு. புடா நிர்வாகத்தைக் கல்நெஞ்சக்காரர்கள் என்றார். திரு. ஹெட்லண்ட் யூனியனை ஊதாரிகள் என்றார். கூச்சல். திரு. ஹெட்லண்ட் தும்மினார். திரு. புடா: ‘குல்லா போட்டுட்டு உக்காருன்னு ஞாயித்துக்கிழமையே சொன்னேன்ல.’ மறுபடி கூச்சல்.”

“தும்மலை எல்லாமா எழுதுவே?” என்றேன்.

“எது முக்கியம்னு முடிவு பண்ண நான் யாருடி? நேத்து சாயங்காலம் ஒத்திகைக்கு அவங்க ரெண்டு பேருக்கும் படிச்சுக் காட்டினேன். ரெண்டு பேர் மூஞ்சியும் வெளுத்துப்போச்சு. ஊர்ல ஜுரம் பரவுதேன்னு நெனச்சேன்.”

பாஸ் தொப்பியை எடுத்தார். “வில்மா, ரெண்டு வீட்டுக்கும் போன் போடு.”

போட்டேன். திருமதி புடா ரொம்ப மரியாதையாகச் சொன்னாள்: “அவரு பல் டாக்டர்கிட்ட போயிருக்காரும்மா. கடைவாய்ப் பல்லு. இடது பக்கம்.” திருமதி ஹெட்லண்ட் அதைவிட மரியாதையாகச் சொன்னாள்: “பல் டாக்டர்கிட்ட போயிருக்காரே. கடைவாய்ப் பல்லு. வலது பக்கம்.”

எங்கள் ஊரின் ஒரே பல் டாக்டர் வெள்ளிக்கிழமை வேலை செய்ய மாட்டார். பிப்ரவரி வெள்ளிக்கிழமையில் அவரும் ஏரியில்தான் இருப்பார்.

பீரோ விற்காத காலம், வாரத்துக்கு நாலு நாள்தான் வேலை. ஊர் ஆண்கள் பாதிப்பேர் ஐஸ் மேல் இருந்தார்கள். காரை ஏரி மேலேயே இறக்கினேன். கண்ணுக்கெட்டிய தூரம், ஐஸில் துளை போட்டு மீன் பிடிக்கும் குடிசைகள், முந்நூறாவது இருக்கும்.

“ஒவ்வொண்ணாக் கதவைத் தட்டினா ஈஸ்டர் வந்துடும் பாஸ்.”

“யூனியன் ஆளுங்க எங்க போடுவாங்க?”

“கிழக்கே, பட்டறைப் புகைபோக்கிப் பக்கம்.”

“ஆபீஸ்காரங்க?”

“மேற்கே, படகு கிளப் பக்கம். நடுவுல யாரும் போட மாட்டாங்க. நடுவுல போட்டா நீ எந்தப் பக்கம்னு கேள்வி வரும்.”

பாஸ் நடுவில் கைகாட்டினார். அங்கே ஒரே ஒரு குடிசை நின்றது. பச்சைத் தகரம். அளந்து வைத்தது போல இரண்டு கூட்டத்துக்கும் சம தூரம்.

வண்டியை நிறுத்திவிட்டு அதை ஒரு சுற்று வந்தேன். குடிசைச் சுவரில் சொந்தக்காரர் பெயரை எழுத வேண்டும் என்பது சட்டம். கிழக்குச் சுவரில் ஒரு கதவு, மேலே ‘கா. புடா’. மேற்குச் சுவரில் இன்னொரு கதவு, மேலே ‘கா. ஹெட்லண்ட்’. கிழக்கே இருந்து பார்ப்பவனுக்கு இது புடாவின் குடிசை. மேற்கே இருந்து பார்ப்பவனுக்கு ஹெட்லண்டின் குடிசை.

“பாஸ்,” என்றேன், “நான் தேனிலவுக்குத் துணி எடுத்து வைக்கணும் போல.”

பாஸ் மேற்குக் கதவைத் திறந்தார், நான் கிழக்குக் கதவை. உள்ளே ஐஸில் இரண்டு துளை, இரண்டு முக்காலி, நட்டநடுவில் ஒரு விறகடுப்பு. பெருத்த உடம்பும் தொங்கு மீசையுமாக புடா. ஒல்லியாக, கண்ணாடி போட்டு, தலையில் கம்பளிக் குல்லாவோடு ஹெட்லண்ட். அவர் மடியில் நடவடிக்கைப் புத்தகம்.

யாரும் பதறவில்லை. புடா மட்டும் கையை உயர்த்தினார். “டேய் கார்லைல், எழுதிக்கோ. மணி பன்னெண்டே கால். வெளியார் ரெண்டு பேர் ரெண்டு கதவு வழியா உள்ளே வந்தாங்க.”

ஹெட்லண்ட் எழுதினார். அந்தப் புத்தகத்திலேயே எழுதினார்.

“பாஸ், திருடின புத்தகத்துலயே எழுதறாங்க!”

“வேற எதுல எழுதறது?” என்றார் ஹெட்லண்ட், நிஜமாகவே புரியாமல். “கூட்டம் நடந்தா நடவடிக்கைப் புத்தகத்துலதானேம்மா எழுதணும்?”

பாஸ் கையை நீட்டிப் புத்தகத்தை வாங்கிப் படித்தார். “பக்கம் நூத்திப் பதிமூணு. காலை ஏழு நாற்பது. பீரோ இரு தரப்பாலும் கூட்டாகத் திறக்கப்பட்டது. புத்தகம் எடுக்கப்பட்டது. பீரோ கூட்டாகப் பூட்டப்பட்டது. சிற்றுண்டி, தலா ஒன்று. தீர்மானம் ஒன்று: புத்தகத்தை ஏரியில் போடுவது. முன்மொழிந்தவர் புடா. ஆதரவு ஒன்று, எதிர்ப்பு ஒன்று. தோல்வி. தீர்மானம் இரண்டு: அடுப்பில் போடுவது. முன்மொழிந்தவர் ஹெட்லண்ட். ஆதரவு ஒன்று, எதிர்ப்பு ஒன்று. தோல்வி. தீர்மானம் மூன்று: இதை ஆராய உபகுழு அமைப்பது. ஏகமனதாக நிறைவேறியது. உறுப்பினர்கள் புடா, ஹெட்லண்ட்.”

கீழே இரண்டு கையெழுத்தும் இருந்தன. என் வாழ்க்கையில் திருடர்கள் கையெழுத்துப் போட்டு வைத்த திருட்டை அன்றுதான் பார்த்தேன்.

“அந்த ‘ஞாயித்துக்கிழமையே சொன்னேன்ல’ இருக்கற ஒரு பக்கத்தைக் கிழிச்சுப் போட வேண்டியதுதானே?” என்றேன்.

இரண்டு பேரும் என்னை ஏதோ கெட்ட வார்த்தை சொன்னவளைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். “பக்கத்துக்கு எண் போட்டிருக்கும்மா,” என்றார் புடா.

“எவ்வளவு நாளா இது?” என்று பாஸ் குடிசையைச் சுற்றிக் கைகாட்டினார்.

புடா மீசையைத் தடவினார். “எழுபத்திரண்டு ஸ்ட்ரைக்ல இருந்து. கேட்டுக்கு வெளியே நான் மறியல். உள்ளே இவன் காவல். பூஜ்யத்துக்குக் கீழே இருபது டிகிரி. இவன்கிட்ட காபி இருந்துச்சு, என்கிட்ட சாராயம் இருந்துச்சு. கேட் கம்பி வழியா ஒரே கோப்பை.”

“வர்ற செவ்வாய்க்கிழமை யூனியன் தேர்தல்,” என்றார் ஹெட்லண்ட். “இது தெரிஞ்சா எதிர்த்து நிக்கற அந்தக் குருஷ்கா இவனை நாராக் கிழிச்சுருவான். மேலிடத்துக்குத் தெரிஞ்சா என்னைத் தூக்கி நெப்ராஸ்கால போட்டுருவாங்க. அங்க ஏரியே கிடையாது.”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. “அப்போ எல்லாத்தையும் இங்கேயே முடிவு பண்ணிட்டு அங்க வந்து நாடகமா? என்னை வீட்டுக்கு அனுப்பின லிஸ்ட்டையும் இங்க உக்காந்துதான் போட்டீங்களா?”

அடுப்பில் விறகு வெடித்தது. புடா என் முகத்தைப் பார்க்காமல் துளைக்குள் பார்த்தார்.

“மேலிடத்துல இருந்து அறுபது பேர்னு வந்துச்சு, வில்மா. இங்க நாலு ஞாயித்துக்கிழமை உக்காந்து அதை இருபத்திமூணு ஆக்கினோம். உன் பேரை எடுக்கத்தான் பாத்தோம். முடியல.”

அறுபதில் தப்பிய மீதி முப்பத்தேழு பேர் யார் யாராக இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதில் எட்டுப் பேர் என் தெரு. திட்ட வைத்திருந்த வார்த்தை எல்லாம் எங்கேயோ போய்விட்டது. மூக்கைச் சிந்திக்கொண்டு பாஸைப் பார்த்தேன்.

“மூணு மணிக்கு ரோசலியைப் போலீஸ் கூட்டிட்டுப் போகும்,” என்றார் பாஸ், சாவகாசமாக. “திருட்டுன்னு.”

“திருட்டா?” ஹெட்லண்டின் பேனா நின்றது. “நாங்க எங்க திருடினோம்? ஒத்தி வெச்சிருக்கோம். புத்தகம் இல்லேன்னா கூட்டத்தைத் தள்ளி வெப்பாங்கன்னு நெனச்சோம்.”

“ரோசலி மேலயா?” என்றார் புடா. “அந்தப் பொண்ணு என் தும்மலைக்கூட விடாம எழுதறவளாச்சே.”

“அது என் தும்மல்டா,” என்றார் ஹெட்லண்ட்.

பிறகு புடா முக்காலியை விட்டு எழுந்தார். தலை தகரக் கூரையில் இடித்தது. “தீர்மானம் நாலு. புத்தகத்தை இப்பவே திருப்பிக் கொண்டுபோய் வெக்கறது. என்ன ஆனாலும் ஆகட்டும். முன்மொழியறேன்.”

“வழிமொழியறேன்,” என்றார் ஹெட்லண்ட். குல்லாவைக் கழற்றிவிட்டுத்தான் சொன்னார்.

மூன்று மணிக்கு மேஜையின் இரு புறமும் ஆறு ஆறு பேர். தலைமாட்டில் அதிகாரி தீல், முன்னால் ஒரு படிவம், பச்சை மசிப் பேனா. புத்தகத்தைப் புடாவும் ஹெட்லண்டும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் கொண்டுவந்து வைத்தபோதே அறையில் சலசலப்பு. எங்கே இருந்தது, யார் எடுத்தார்கள் என்று ரோசலியிடம் யாரும் சொல்லவில்லை. நேரமும் இல்லை. கிடைத்ததே போதும் என்று என் கையைப் பிடித்து முத்தம் கொடுத்துவிட்டுப் படிக்க எழுந்துவிட்டாள்.

நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம். காகிதம், கல்நெஞ்சம், ஊதாரி, தும்மல், குல்லா. யூனியன் பக்கம் யாரும் அசையவில்லை. பக்கத்தைத் திருப்பினாள். தான் எழுதாத கையெழுத்தைப் பார்த்ததும் குரல் தடுமாறியது. ஆனாலும் ரோசலி எழுதியிருப்பதைப் படிக்காமல் விடுகிறவள் இல்லை. பீரோ கூட்டாகத் திறக்கப்பட்டதைப் படித்தாள். ஏரியில் போடுவதைப் படித்தாள். அடுப்பைப் படித்தாள். உபகுழுவைப் படித்தாள். வெளியார் இரண்டு பேர் இரண்டு கதவு வழியாக வந்ததைப் படித்தாள். கடைசியில் காரில் வரும்போது ஹெட்லண்ட் எழுதிய வரி வந்தது.

“ரோசலியின் மேல் பழி விழும் என்று இரு தரப்புக்கும் தோன்றவில்லை. இரு தரப்பும் வெட்கப்படுகிறது.”

புடா கண்ணை மூடிக்கொண்டார். யூனியன் வரிசையின் கோடியிலிருந்து குருஷ்கா எழுந்தான். செவ்வாய்க்கிழமைத் தேர்தலில் புடாவுக்கு எதிராக நிற்கிறவன். இவன் வாயைத் திறந்தால் கதை முடிந்தது என்று நினைத்தேன்.

“தலைவரே, ஒரு சந்தேகம்,” என்றான். “ஏரியில முந்நூறு குடிசை இருக்கு. ரெண்டு கதவு வெச்சது உங்க குடிசை ஒண்ணுதான். எங்களுக்கு எல்லாம் கண்ணு புட்டத்துலயா இருக்கு?”

புடா கண்ணைத் திறந்தார்.

நிர்வாகத்தின் பக்கமிருந்து கணக்கர் ஒருவர் இருமினார். “நாங்க பதினோரு வருஷமா அந்தப் பக்கம் பாக்காமலே மீன் பிடிக்கறோம், மிஸ்டர் ஹெட்லண்ட். எனக்குக் கழுத்து வலியே வந்துடுச்சு.”

“நாங்களும்தான்,” என்றான் குருஷ்கா. “எழுபத்திமூணுல பேசி வெச்சுக்கிட்டோம். எங்க ஆளுங்க கிழக்கே பாக்கறது, இவங்க ஆளுங்க மேற்கே பாக்கறது. அதுங்க ரெண்டும் பேசிக்கிட்டாத்தான் ஊர் பொழைக்கும், பாத்ததா காட்டிக்கிட்டா பேச்சை நிறுத்திரும்னு.” பிறகு அவசரமாகச் சேர்த்துக்கொண்டான். “அதுக்காகச் செவ்வாய்க்கிழமை உங்களுக்கு ஓட்டுப் போடுவேன்னு நெனைக்காதீங்க.”

அதிகாரி தீல் படிவத்தைத் திருப்பினார். “கேள்வி ஒன்பது. வெளியார் உதவியில்லாமல் இரு தரப்பும் கூட்டாகத் திட்டமிட்டு நிறைவேற்றிய செயல்கள். இந்தக் குழுவுக்கு நாலு வருஷமா இந்தக் கட்டம் காலி.” பச்சைப் பேனாவால் எழுத ஆரம்பித்தார். “ஒன்று, திருட்டு. இரண்டு, ரகசியம் காத்தல். இதுல எத்தனை பேர் பங்கேற்பு?”

“ஏரியில எத்தனை பேர் இருக்காங்களோ அத்தனை பேர்,” என்றேன்.

“மானியம் புதுப்பிக்கப்படுகிறது,” என்றார் தீல். பாஸ் அப்போது சிரித்தார். வருஷத்தின் மூன்றாவது சிரிப்பு. நான் சத்தியமாகப் பார்த்தேன்.

எல்லோரும் கைதட்டினார்கள். ரோசலி தட்டவில்லை. புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

“இன்னும் கூட்டம் முடியல,” என்றாள். “காலையில இருந்து நான் திருடியா உக்காந்திருந்தேன். வெட்கப்படுறோம்னு எழுதினா போதுமா? வாயைத் திறந்து சொல்லுங்க. நான் எழுதிக்கறேன்.”

யார் முதலில் சொல்வது என்று புடாவும் ஹெட்லண்டும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். புடா முதலில் சொன்னால் யூனியன் தப்பை ஒப்புக்கொண்டதாகும். ஹெட்லண்ட் முதலில் சொன்னால் நிர்வாகம் இறங்கியதாகும். மூன்று நிமிஷம் குசுகுசுத்துவிட்டு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஏதோ முனகினார்கள்.

“சரியாக் காதுல விழல,” என்றாள் ரோசலி, பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி. “மறுபடியும்.”

“எங்களை மன்னிச்சுக்கோம்மா, ரோசலி,” என்றார்கள் இருவரும். இந்தத் தடவை செருப்புக் கடை வரைக்கும் கேட்டிருக்கும். புடாவின் மீசை நடுங்கியது. ரோசலி ஒரு எழுத்து விடாமல் எழுதினாள். மசி காயும்வரை ஊதினாள். பிறகு இடது உள்ளங்கையை நீட்டினாள்.

“சாவி. ரெண்டும்.”

யாரும் முன்மொழியவில்லை. யாரும் வழிமொழியவில்லை. பதக்கத்திலிருந்து ஒன்றும் சங்கிலியிலிருந்து ஒன்றுமாக இரண்டு சாவியும் அவள் கையில் வந்து விழுந்தன. புத்தகத்தை உள்ளே வைக்கப் பீரோவுக்குப் போனாள். இடது பூட்டில் ஒரு சாவியைச் செருகிவிட்டு வலது பக்கம் பார்த்தாள். எட்டடி.

மற்ற சாவியை என் பக்கம் நீட்டினாள்.

“வாடி வில்மா,” என்றாள். “அந்தக் கோடியை நீ பிடி.”